கடைசி 20 சதவீதம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னிய எல்லையை ஒட்டிய பாலைவனத்தில், குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் அங்கே இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் பிறந்தால் பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வீட்டு வண்டிகள் வரிசைகட்டி வந்து இறங்குகின்றன. படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ளடங்கிய இந்த வண்டிகளை அங்கே ஆர்.வி. என்பார்கள். ஊரைச் சுற்றியுள்ள பாலை நிலம் நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. அதில் சில பகுதிகளை நீண்டநாள் தங்குவோருக்கு என்று ஒதுக்கும் திட்டம் 1983-இல் தொடங்கியது. சீட்டு வாங்கிக்கொண்டால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். ஆனால் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு கிடையாது. விளக்கு, தண்ணீர் பம்பு, இரவுக் குளிரில் எரிவாயு ஹீட்டரின் விசிறி என எல்லாமே வண்டியின் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். புதிதாக மாட்டிய பேட்டரி இரண்டு பருவத்துக்குள் சோர்ந்துவிட்டது என்ற புலம்பல் இப்படித் தங்குவோரிடையே சகஜம். பேட்டரி போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இரண்டு வாங்கிப் போடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். வெட்டவெளியில் உண்மையான பற்றாக்குறை நேரத்துக்குத்தான். பேட்டரி முழுதாக நிரம்பத் தேவையான மணிநேரங்கள் அங்கே கிடைப்பதில்லை. மின்னேற்ற அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது எத்தனை மணிநேரத்தை மிச்சப்படுத்துகிறது என்ற ஒரே அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

இந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதை வண்டியைக் கட்டிய தொழிற்சாலையின் கோணத்திலிருந்து பார்த்தால் விளங்கும். வண்டிக்காரர் ஒவ்வோர் இரவும் கட்டணம் கட்டி, மின் இணைப்புள்ள முகாமில் நிறுத்துவார் என்று வடிவமைப்பாளர் எண்ணுகிறார். அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் என்ற பெட்டி ஒன்றை உள்ளே வைக்கிறார். பழைய கன்வெர்ட்டர்கள் எந்நேரமும் ஒரே அழுத்தத்தை, ஏறத்தாழ 13.6 வோல்ட்டை, தந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் இணைப்பிலேயே இருக்கும் பேட்டரிக்கு அது பொருத்தமான அளவு. தண்ணீர் வற்றாது, பேட்டரி நிரம்பிய நிலையிலேயே இருக்கும். காலியான பேட்டரி அந்த அழுத்தத்தில் நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆனாலும் யாருக்கும் நட்டமில்லை. எனவே கன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மெல்லிய ஒயரால் இணைத்தாலும், இரண்டும் வண்டியின் எதிரெதிர் முனைகளில் இருந்தாலும், குறை வெளியே தெரியாது. வடிவமைப்பாளரை இதற்காகக் குறைசொல்வது நியாயமில்லை. அவர் கணக்கில் நேரம் வரம்பில்லாமல் கிடைக்கும் பொருள். பாலைவனத்தில் அதே வண்டிக்கு ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணிநேரமும், குளிர்கால வெயில் காயும் ஐந்து மணிநேரமும்தான் கிடைக்கின்றன.

நேரம் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் ஈய-அமிலப் பேட்டரியின் வேதியியலில் இருக்கிறது. 1859-இல் பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய இந்தப் பேட்டரியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. மின்னேற்றும்போது அது கரைந்து, ஈயமும் ஈய டை ஆக்சைடும் கந்தக அமிலமும் மீள்கின்றன. பாதி காலியான பேட்டரியில் சல்ஃபேட் தாராளமாக, தகட்டின் மேற்பரப்பிலேயே கிடைக்கும். ஆகவே அது பெரிய மின்னோட்டத்தைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. மிச்சமிருக்கும் சல்ஃபேட் தகட்டின் நுண்துளைகளுக்குள் ஆழத்தில் கிடக்கிறது. அயனிகள் அங்கிருந்து ஊர்ந்து வெளியேற வேண்டும். எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் அந்த ஊர்தலின் வேகத்தை மீற முடியாது. பேட்டரி வாங்கும் மின்னோட்டம் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். வலுவான சார்ஜர் ஒன்று 50 சதவீதத்திலிருந்து 80 வரை இரண்டு மணிநேரத்தில் ஏற்றிவிடலாம். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கு மணிநேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதியைத் தினமும் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். புதிதாகப் படிந்த சல்ஃபேட் நுண்ணிய படிகம், எளிதில் கரையும். நாட்கணக்கில் கரையாமல் கிடந்தால், மழைக்காலத்தில் ஜாடியில் கட்டிதட்டிப்போகும் உப்பைப்போல, படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து இறுகிவிடுகின்றன. இறுகிய பகுதி திரும்பவும் மின்சாரத்தைச் சேமிக்காது. தினமும் 85 சதவீதத்தில் நிறுத்தப்படும் பேட்டரி, சில மாதங்களில் அந்த 85-ஐயே தன் முழுக் கொள்ளளவாக ஆக்கிக்கொள்கிறது. மிதமாகச் செலவழித்துத் தவறாமல் முழுதாக நிரப்பினால் நீடிக்கும் பேட்டரியை, நிரப்பாமல் விடுவதே கொன்றுவிடுகிறது.

இனி ஒயருக்கு வருவோம். இந்த விஷயத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். 8 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போகவும் வரவும் சேர்த்து 12 மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். அதில் 40 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே ஏறத்தாழ 1 வோல்ட் தொலைந்துபோகும். வீட்டு மின்சாரத்தில் 1 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் 1 வோல்ட் என்றால் எட்டு சதவீதம்தானே என்று இங்கேயும் சமாதானம் சொல்லத் தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது 12-உடன் அல்ல. மின்னோட்டத்தைத் தள்ளுவது சார்ஜரின் அழுத்தத்துக்கும் பேட்டரி தனக்குள் வைத்திருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாதி காலியான பேட்டரி ஓய்வில் 12.1 வோல்ட் காட்டும். பழைய கன்வெர்ட்டர் தருவது 13.6. இடைவெளி ஒன்றரை வோல்ட்தான். அதில் 1 வோல்ட்டை ஒயர் விழுங்கினால் தள்ளும் விசையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நடைமுறையில் 40 ஆம்பியர் ஓடவே ஓடாது; சார்ஜரின் முகப்பில் 55 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் பேட்டரிக்குள் போவது அதில் ஒரு சிறு பங்காகச் சரிந்து நிற்கும். அதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்கு இறங்கும். இன்னும் நல்ல வழி, சார்ஜரையே பெயர்த்துக் கொண்டுபோய்ப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் தொலைவில் வைப்பது; அப்போது இழப்பு நூறில் சில பங்கு வோல்ட்தான். பேட்டரி வெளியிடும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் அதே அடைப்புக்குள் வைக்காமல் பக்கத்து அறையில் வைக்க வேண்டும். நீளமாக ஓட வேண்டிய 120 வோல்ட் ஒயர் மெல்லியதாக இருந்தாலும் பாதகமில்லை.

இதற்குக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் ஒயரில் ஏற்படும் இழப்பும் குறைகிறது. கடைசியில் மின்னோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும்போது பேட்டரி முனையிலும் சார்ஜர் முனையிலும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். ஆகவே மெல்லிய ஒயர் எதையும் நிரந்தரமாக இழக்கச் செய்வதில்லை என்பது அந்த மறுப்பு. இயற்பியல்படி முழுக்கச் சரி. மின் இணைப்புள்ள முகாமில் நடைமுறைப்படியும் சரி. ஆனால் இந்தச் சமாதானம் “கடைசியில்” என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது, அந்தக் கடைசி வரும் முன்பே ஜெனரேட்டரை நிறுத்தியாக வேண்டும் அல்லது சூரியன் சாய்ந்துவிடும். அதோடு, பல நிலைகளில் இயங்கும் புதிய சார்ஜர்கள் தம் சொந்த முனையில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஒயர் இழப்பால் தன் முனையில் 14.4 வோல்ட் எட்டியதைக் கண்டு, பேட்டரியும் அதை எட்டிவிட்டதாக எண்ணி, சார்ஜர் அடுத்த நிலைக்கு முன்கூட்டியே தாவிவிடும். பச்சை விளக்கு எரியும், பேட்டரி நிரம்பியிருக்காது.

விரைவாக நிரப்புவதற்காக அழுத்தத்தை 14.4-க்கோ 14.8-க்கோ உயர்த்தினால் பேட்டரி கொதித்து வற்றிவிடும் என்ற அச்சம் இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை. ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட்டை, அதாவது 12 வோல்ட் பேட்டரிக்கு 14.4-ஐ, ஒட்டித் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறத் தொடங்குகின்றன. ஆனால் திரவ அமிலப் பேட்டரிக்கு அந்தக் குமிழ்கள் ஓரளவு வேண்டியவையே. அடர்ந்த அமிலம் அடியில் தங்கிவிடாமல் அவைதான் கலக்கிவிடுகின்றன. இழந்த தண்ணீரை மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஈடுகட்டலாம். இறுகிப்போன சல்ஃபேட்டுக்கு அத்தனை மலிவான பரிகாரம் கிடையாது. கோல்ஃப் வண்டிகளுக்காகச் செய்யப்படும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்துப் பயன்படுத்துவது ஆர்.வி. உலகில் பழைய வழக்கம். அவற்றின் புகழ்பெற்ற தயாரிப்பாளரான டிரோஜன் நிறுவனமே 14.8 வோல்ட்டை ஒட்டி ஏற்றச் சொல்கிறது. ஜெல் பேட்டரிக்கு அந்த அளவு ஆபத்து, அதற்கு 14.1 வோல்ட் அளவோடு நிறுத்த வேண்டும். ஆகவே தேடவேண்டியது உயர்ந்த அழுத்தம் தரும் சார்ஜரை என்பதைவிட, அழுத்தத்தை நாமே அமைத்துக்கொள்ள விடும் சார்ஜரை என்பதே சரி. வெப்பநிலையையும் அது கவனிக்க வேண்டும். பேட்டரி குளிர்ந்தால் வேதிவினை மந்தமாகும். ஒவ்வொரு செல்சியஸ் டிகிரி குறைவுக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 0.03 வோல்ட் கூடுதலாகக் கேட்கிறது. 25 டிகிரிக்கு அமைத்த சார்ஜர், பாலைவனத்தின் 5 டிகிரிக் காலையில் அரை வோல்ட்டுக்கு மேல் பின்தங்கிவிடும். பேட்டரியின் மேல் ஒட்டிவைக்கும் சிறு வெப்ப உணரி இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதை வாங்காமல் விடுவது பொருளற்ற சிக்கனம்.

ஜெனரேட்டரா சோலாரா என்ற பழைய சண்டையும் நேரத்தைக் கொண்டு பார்த்தால் தானாகவே தீர்ந்துவிடுகிறது. இரண்டும் போட்டியாளர்களே அல்ல. ஜெனரேட்டர் பெரிய மின்னோட்டத்தைக் குறுகிய நேரத்துக்குத் தரக்கூடியது. பேட்டரி பசியோடு இருக்கும் முதல் கட்டத்துக்கு அது ஏற்றது. கடைசி 20 சதவீதத்தில் பேட்டரி ஐந்து, பத்து ஆம்பியருக்கு மேல் கேட்காது. அதற்காக எஞ்சினை நான்கு மணிநேரம் உறுமவிடுவது எரிபொருளை வீணடிப்பதோடு அக்கம்பக்கத்தாரையும் வதைப்பது. சோலார் பேனலோ சிறிய மின்னோட்டத்தைச் சத்தமில்லாமல் மணிக்கணக்கில் தரும். காலையில் ஒன்றரை மணிநேரம் ஜெனரேட்டர், பிறகு மாலைவரை வெயில் என்று வரிசைப்படுத்தினால் ஒவ்வொன்றும் தனக்கு இயல்பான வேலையைச் செய்கிறது. தலைகீழாக, பகல் முழுக்க வெயிலை நம்பி, மாலையில் ஜெனரேட்டரைக் கிளப்புபவர்கள் இரண்டையும் வீணடிக்கிறார்கள். ஜெனரேட்டரோடு இணைக்கும் சார்ஜரின் பவர் ஃபேக்டரைப் பார்த்து வாங்குவதும் அவசியம். பேட்டரிக்கு 800 வாட் தருவதற்கு, பவர் ஃபேக்டர் 0.7 உள்ள சார்ஜர் 1300 வோல்ட்-ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; அது திருத்தப்பட்ட சார்ஜருக்கு 950 போதும். தொடர்ந்து 1600 வாட் மட்டுமே தரும் சிறிய ஜெனரேட்டருக்கு இது பெரிய வித்தியாசம்.

சோலாரில் பணத்தைக் கொட்டுபவர்கள் பெரும்பாலும் பேனலின் வாட்டை மட்டுமே எண்ணுகிறார்கள். பேனல் எப்படிக் கிடக்கிறது என்பது அதற்கு நிகரான விஷயம். குவார்ட்சைட் ஏறத்தாழ 33.7 டிகிரி வட அகலக்கோட்டில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 33 டிகிரிதான் ஏறும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலில் விழும் நேரடி ஒளி, சூரியனை நோக்கி நிமிர்த்திய பேனலில் விழுவதில் 54 சதவீதம். அதாவது இரண்டு தாங்கு கம்பிகள் செய்யும் வேலை, பேனல்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவதற்குச் சமம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குதான். 100 வாட் பேனல் ஒன்று சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது. மலிவான பி.டபிள்யூ.எம். வகைப் பெட்டி அந்த 5.5 ஆம்பியரை அப்படியே 13 வோல்ட் பேட்டரிக்கு அனுப்பும். சேர்வது 72 வாட். எம்.பி.பி.டி. வகை, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றி ஏறத்தாழ 7 ஆம்பியர் தரும். கொளுத்தும் வெயிலில் பேனல் சூடேறி அதன் வோல்ட் சரிந்துவிடுவதால் இந்த ஆதாயம் சுருங்கும். வெயில் குறைவான, நேரம் மிக அருமையான குளிர்காலத்தில்தான் பெருகும். பேனல்களைத் தொடராக இணைத்துக் கூரையிலிருந்து உயர்ந்த வோல்ட்டில் கீழே கொண்டுவரவும் இது இடம் தருகிறது. வோல்ட் இரட்டித்தால் ஆம்பியர் பாதியாகும், ஒயரில் வெப்பமாகப் போகும் வாட் நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் கூரையிலுள்ள ஏசியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் தொடர் முழுதும் பாதிக்கப்படலாம் என்பதால் பேனல்களை வைக்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

வண்டி ஓடும்போதே ஏறிவிடுமே என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. இழுவை வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து பின்னால் வரும் டிரெய்லரின் பேட்டரிவரை நீளும் மெல்லிய ஒயரில் சில ஆம்பியரே தேறும். எரிபொருளை மிச்சப்படுத்த, புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தன் அழுத்தத்தை அடிக்கடி தானே குறைத்துக்கொள்கிறது. வந்துசேரும் தாழ்ந்த அழுத்தத்தை 14.4-க்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜரைப் பேட்டரியின் அருகே மாட்டினால் மட்டுமே அந்தப் பயண நேரம் உருப்படியாகும்.

இன்னும் இரண்டு பேட்டரி வாங்கினால் என்ன என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஈய-அமிலப் பேட்டரி வாங்கக்கூடிய மின்னோட்டம் அதன் கொள்ளளவைப் பொறுத்தது. நான்கு பேட்டரிகள் இரண்டைவிட அதிகம் வாங்கும். சார்ஜருக்கு அந்தத் தெம்பு இருந்தால் நேரம் உண்மையாகவே மிச்சமாகும். இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்கவும் பெரிய சேமிப்பு உதவும். ஆனால் சார்ஜரும் ஒயரும் பழையவையாகவே இருந்தால் நடப்பது வேறு. தினமும் 60 ஆம்பியர்-மணி செலவழித்து 50 மட்டுமே திருப்பிச் செலுத்தும் வண்டியில், கூடுதல் பேட்டரிகள் பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகின்றன. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் நான்கு பேட்டரிகளின் தகடுகளிலும் சல்ஃபேட் இறுகிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்குப் பதிலாக நான்கைப் பலிகொடுப்பதுதான் மிஞ்சும்.

இந்தப் பேச்செல்லாம் லித்தியம் வந்த பிறகு எதற்கு என்பது இன்று பலமாக ஒலிக்கும் மறுப்பு. ஆர்.வி.க்களில் பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரியின் நேர்மின்முனைப் பொருளை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபின் குழு அறிவித்தது. அதற்கு முன்பே 1980-களில், சல்ஃபேட் போன்ற அயனித் தொகுதிகளைச் சட்டகமாகக் கொண்ட இரும்புச் சேர்மங்களில் லித்தியம் புகுந்து வெளியேற முடியும் என்று அவரோடு சேர்ந்து காட்டி வழியமைத்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற தமிழர் ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் சொற்பொழிவு ஆற்றியவரும் மந்திரம்தான். இந்தப் பேட்டரியை எடை குறைவு, ஆயுள் அதிகம் என்று புகழ்கிறார்கள். வெட்டவெளியில் தங்குவோருக்கு அதைவிடப் பெரிய கொடை வேறு: இது கிட்டத்தட்ட நிரம்பும்வரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்ளும், பாதியில் விட்டாலும் கெடாது. கடைசி 20 சதவீதத்தின் நீண்ட காத்திருப்பு அதற்கு இல்லை. பணம் இருப்பவருக்கு இது சிறந்த தேர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த நன்மையைப் பெற, முழு மின்னோட்டத்தையும் கடைசிவரை தரக்கூடிய சார்ஜரும் அதைத் தாங்கும் ஒயரும் வேண்டும், 13.6 வோல்ட் கன்வெர்ட்டரோடு இணைத்தால் இதுவும் மந்தமாகத்தான் நிரம்பும். வேகமே இங்கே புதிய ஆபத்தாகவும் ஆகலாம். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தாமல் நேரே இணைத்தால், ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் நீண்டநேரம் ஓடிச் சூடேறிக் கருகக்கூடும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் எதிர்மின்முனைக்குள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். மலைப்பகுதியில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் பேட்டரியை வண்டியின் வெளியிலிருந்து உள்ளே மாற்ற வேண்டும், அல்லது ஹீட்டர் பொருத்தியதை வாங்க வேண்டும்.

எந்தப் பேட்டரியானாலும் செலவைத் தொடங்கும் முன் இரண்டு அளவுகள் எடுத்தாக வேண்டும். வண்டியின் சுவரில் உள்ள சிறு விளக்குகளை நம்பக் கூடாது. மின்னேற்றம் முடிந்த கையோடு பார்த்தால், மேலோட்டமாகத் தங்கிய அழுத்தத்தைக் கண்டு அவை நிரம்பிவிட்டதாகக் காட்டிவிடும். திரவ அமிலப் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம், அமிலத்தின் ஒப்படர்த்தி 1.265-க்குக் குறைந்தால் அது நிரம்பவில்லை, பச்சை விளக்கு எரிந்தாலும் சரி. அடுத்தது, பாதி காலியான பேட்டரிக்குச் சார்ஜர் முழுவேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரால் முதலில் சார்ஜரின் முனைகளிலும் உடனே பேட்டரியின் முனைகளிலும் வோல்ட்டை அளப்பது. வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரை விட்டுவிட்டுச் சார்ஜரின் அழுத்த அமைப்பையும் வெப்ப உணரியையும் கவனிக்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால், புதுப் பேனலுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் செம்பு ஒயர் வாங்க வேண்டும்.